வயல்வெளிப் படங்களும் உழவுச் சொற்களும்



மொழிக்கான மேடையில் ஒளிப்படக் கலைஞன் ஒருவனுக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். நான் எடுத்துக்கொண்ட பொருள் சிறியது. வயலைப் படம் பிடிப்பவனுக்கு உழவுச் சொற்கள் எவ்வாறு துணை நிற்கின்றன என்பதைப் பற்றியே பேச வந்திருக்கிறேன்.

சிலாங்கூர் மாநிலத்தின் கடலோரத்தில் உள்ள செகிஞ்சான் நெல்வயல்களை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அங்கே ஆண்டுக்கு இருபோகம் விளைகிறது. வார இறுதியில் படம் எடுக்கச் செல்வோர் புறப்படுமுன் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "இப்போது வயல் பச்சையா, மஞ்சளா?" நாட்காட்டி அச்சிடுவோரும் என்னிடம் இதையே கேட்கிறார்கள். சேறடித்த வயலின் படத்தை இதுவரை எவரும் விலைக்குக் கேட்டதில்லை. திருமண வீட்டுப் படங்கள் இல்லையென்றால் என் அடுப்பு எரியாது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

விதைத்த நாள் தொடங்கி அறுவடைவரை ஏறத்தாழ 110 நாள்கள். இவற்றை இரண்டு நிறங்களுக்குள் அடக்கிவிட்டால் பயிரின் வாழ்வில் பெரும்பகுதி கண்ணுக்குத் தப்பிவிடும். நம் மொழியோ அந்நாள்களை நுட்பமாகப் பகுத்து வைத்திருக்கிறது. நாற்று வேர்பிடிக்கிறது; தூர் கட்டுகிறது; சூல் கொள்கிறது; கதிர் ஈனுகிறது; பூக்கிறது; பால் பிடிக்கிறது; முற்றித் தலைசாய்கிறது. இலக்கிய வகுப்பில் இச்சொற்களைக் கேட்கும் மாணவர்கள் அவற்றை அழகுக்காகச் சொன்னவை என்று எண்ணலாம். எனக்கு அவை வேலை அட்டவணை. வானம் நீரில் தெரியும் படம் வேண்டுமென்றால் பயிர் தூர் கட்டி அடர்வதற்குமுன் போயாக வேண்டும். அடர்ந்தபின் நீரே தெரியாது. காற்று அலையலையாக ஓடுவதைக் காட்ட வேண்டுமென்றால் அடரும்வரை காத்திருக்க வேண்டும். பால் பிடிக்கும் நாள்களில் குருவிக் கூட்டம் வந்திறங்கும். அவற்றை விரட்டும் மனிதர்களும் அப்போது வரப்பில் இருப்பார்கள்.

இவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தது பூக்கும் பருவம். நெல் பூக்குமா என்று வியப்பவர்கள் உண்டு. ஒரு நெற்பூ காலை வெயில் ஏறியபின் திறந்து, ஓரிரு மணி நேரத்தில் மூடிக்கொள்கிறது. வெளியே தொங்கும் மகரந்தப் பைகள் பொட்டு அளவுகூட இரா. அதிகாலையும் அந்தியுமே படத்துக்கு உகந்தவை என்று எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. நிலநடுக்கோட்டுக்கு அருகில் கதிரவன் ஏறக்குறைய செங்குத்தாக எழுவதால் அந்தப் பொன்னொளி நமக்கு வெகுநேரம் நிற்பதில்லை. மார்ச் இறுதியிலும் செப்டம்பர் நடுவிலும் உச்சிப்பொழுதில் நம் நிழலே காலடியில் ஒடுங்கிவிடும். ஆகவே பலரும் ஒன்பது மணிக்குள் கருவியைப் பைக்குள் வைத்துவிட்டுக் காலைச் சிற்றுண்டிக்குப் போய்விடுகிறார்கள். நெல் பூப்பது அதற்குப் பிறகுதான்!

செகிஞ்சானில் நான் மலாய்மொழியில்தான் பேசுகிறேன். அங்குள்ள உழவர்களில் தமிழர் அரியர். கதிர் இன்னும் வெளிவராமல் தண்டு பருத்திருக்கும் நிலையை மலாய் உழவர்கள் 'பாடி புந்திங்' என்பார்கள். கருவுற்ற நெல் என்பது அதன் பொருள். நாம் 'சூல் கொண்ட பயிர்' என்கிறோம். கடலுக்கு இப்பாலும் அப்பாலும் இருமொழிக்காரர் ஒரே தண்டைப் பார்த்து ஒரே நினைவு கொண்டிருக்கிறார்கள். இதை அறிந்தபின் அப்பருவத்துப் பயிரை வெறும் பச்சையாகப் பார்க்க என்னால் இயலவில்லை.

பொருளை அறியாமல் படம் எடுக்கப் போகாதே என்பது எங்கள் தொழிலில் பழைய பாடம். 1935ஆம் ஆண்டில் அமெரிக்க அரசின் ஒளிப்படப் பிரிவுக்குத் தலைவரான ராய் ஸ்ட்ரைக்கர், பொருளியல் கற்பித்தவர். பருத்தி நிலங்களுக்குப் புறப்பட்ட கார்ல் மைடான்ஸ் என்ற கலைஞரிடம், பருத்தியைப் பற்றி என்ன தெரியும் என்று அவர் கேட்டார். அதிகம் தெரியாது என்று விடை வந்ததும் பயணத்தை நிறுத்திவைத்து, இரவுவரை பருத்தியைப் பற்றியே பேசினாராம். அதே பிரிவைச் சேர்ந்த ஆர்தர் ராத்ஸ்டைன் 1936இல் வறட்சி நிலத்தில் கிடந்த ஒரு மாட்டு மண்டையோட்டைச் சில அடிகள் நகர்த்தி வைத்துப் படம் எடுத்தார். தேர்தல் ஆண்டு அது. அரசை எதிர்த்த நாளேடுகள் வறட்சிப் படங்களே பொய் என்று எழுதின. வறட்சி மெய்யானது, மண்டையோட்டை நகர்த்தியதும் மெய்யானது. நான் வயலில் ஒரு வைக்கோலையும் தள்ளி வைப்பதில்லை.

ஆனால் எதையும் தொடாமலே ஒரு படம் பொய் சொல்லிவிட முடியும். மலாக்கா நீரிணைக் கரையில் விடியலுக்குமுன் சில நாள்களில் சுமத்ராப் பக்கமிருந்து சூறைக்காற்று மழையோடு வரும். முற்றிய பயிர் அதில் சாய்ந்துவிடும். அப்படிப்பட்ட ஒரு காலையில் டிரோனை மேலே அனுப்பிப் பார்த்தேன். சீப்பால் வாரிச் சுழித்த கூந்தல்போல் வயல் முழுதும் வளைவுகள். அத்தனை அழகு. கீழே வரப்பில் அந்த நிலத்துக்காரர் நின்றுகொண்டிருந்தார். அவரிடம் கேட்டுக்கொண்டுதான் படம் எடுத்தேன்.

கண்காட்சியில் அதற்கு 'இயற்கையின் கைவண்ணம்' என்று தலைப்பிட விரும்பினார்கள். நான் இசையவில்லை. 'சூறைக்காற்றில் சாய்ந்த நெற்பயிர், அறுவடைக்கு ஒரு வாரம் முன்' என்று எழுதித் தந்தேன். அதைப் படித்த மாணவி ஒருவர், "ஐயா, சாய்ந்த பயிரை நிமிர்த்த முடியாதா?" என்று கேட்டார். அவ்வளவு பெரிய வயலில் இயலாது என்றேன். நீரில் கிடக்கும் கதிரில் மணிகள் முளைத்துவிடும் என்பதையும், அறுவடை இயந்திரம் அதில் திணறும் என்பதையும், மணிகள் சிந்தி வீணாகும் என்பதையும் விளக்கினேன். அவர் மீண்டும் படத்தின் அருகே சென்று, வரப்பின்மேல் புள்ளியளவாகத் தெரிந்த மனிதரைத் தேடிக் கண்டுபிடித்தார்.