பூட்டிய வீடும் பன்னிரண்டு கையெழுத்தும்

(நம் சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



சனிக்கிழமை காலையில் நான் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு செங்கோட்டை ரயிலைப் பிடிக்க ஓடுவதை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். கல்லிடைக்குறிச்சிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் பழைய வீடு ஒன்றை வாங்கிச் செப்பனிட்டுக்கொண்டிருக்கிறேன். இந்த வருடத்தில் மட்டும் நம் குடியிருப்பில் மூன்று பேர் என்னிடம் "நாங்களும் ஒன்று வாங்கலாமா?" என்று கேட்டுவிட்டார்கள். அதில் ஒருவர் ஓய்வுப் பணத்தில் பாதிக்கு மேல் போடத் தயாராக இருக்கிறார். அவருக்குத் தனியாகச் சொன்னதைத்தான் செயலாளர் எல்லாருக்கும் சொல்லச் சொன்னார்.

பிரான்ஸ் நாட்டுக் கிராமங்களில் பழைய கல்வீடுகளை வெளியூர்க்காரர்கள் வாங்கிப் புதுப்பிப்பதைப் பற்றிப் படித்திருப்பீர்கள். நம்மைவிடச் சுகமான காரியம் என்று நினைக்க வேண்டாம். அங்கேயும் வீடுகள் பூட்டிக் கிடப்பதற்கு முக்கியக் காரணம் வாரிசுகள்தான். பிள்ளைகளுக்குச் சொத்தில் பங்கு இல்லை என்று தகப்பன் எழுதிவிட முடியாது. 1804-இல் வந்த நெப்போலியன் சட்டத்திலிருந்தே அப்படி. ஒரு வீட்டுக்கு ஏழெட்டுப் பங்குதாரர்கள், ஆளுக்கொரு ஊர். ஆனால் ஒரு வித்தியாசம். அங்கே நோட்டேர் என்ற அரசு அங்கீகாரம் பெற்ற அதிகாரிதான் கிரயத்தை முடிக்க வேண்டும். விற்பவருக்கு உரிமை உண்டா, எல்லாப் பங்குதாரரும் சம்மதித்தார்களா என்று பார்ப்பது அவர் பொறுப்பு. ஒப்பந்தம் போட்ட பிறகும் வாங்குபவருக்குப் பத்து நாள் அவகாசம் உண்டு, மனம் மாறினால் விலகிக்கொள்ளலாம். இதற்கெல்லாம் சேர்த்து விலையில் 7, 8 சதவீதம் செலவாகும்.

இங்கே நாம் 9 சதவீதம் கட்டுகிறோம். முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2. ஆனால் சார்பதிவாளர் பத்திரத்தைத்தான் பதிவு செய்கிறாரே தவிர, "இந்த வீடு இவருடையதுதான்" என்று உங்களுக்கு உத்தரவாதம் கொடுப்பதில்லை. நோட்டேர் செய்கிற வேலையை நீங்களும் உங்கள் வக்கீலும்தான் செய்ய வேண்டும். பழைய வீட்டில் முதலில் பார்க்க வேண்டிய விரிசல் சுவரில் இல்லை, வம்சாவளியில் இருக்கிறது.

என் வீட்டுக் கணக்கையே சொல்கிறேன். வீட்டைச் சொந்தப் பணத்தில் வாங்கியவர் 1974-இல் உயில் எழுதாமல் காலமானார். மனைவி அவருக்கு முன்பே போய்விட்டார். மூன்று மகன்கள், இரண்டு மகள்கள். என்னிடம் விலை பேசியவர் மூத்த மகனுடைய மகன். "எங்கள் வீட்டில் நாலு பேர், நடுச் சித்தப்பா வீட்டில் சித்தியும் இரண்டு மகன்களும், சின்னச் சித்தப்பாவுக்கு ஒரே மகள். எட்டுப் பேரும் கையெழுத்துப் போடத் தயார்" என்றார். அத்தைமார்? "அவங்களுக்கு அப்பவே சீர் செய்து அனுப்பியாச்சு சார். யாரும் கேட்க மாட்டாங்க."

சீர் செய்தது வேறு, பங்கு கொடுத்தது வேறு. 1956 வாரிசுரிமைச் சட்டப்படியே, உயில் எழுதாமல் இறந்த தகப்பனின் சொந்தச் சம்பாத்தியத்தில் மகளுக்கும் மகனுக்கும் சமபங்கு. ஐந்தில் இரண்டு பங்கு அந்த அத்தைமாருடையது. ஒரு பங்குதாரர் ஐம்பது வருஷம் வீட்டை அனுபவித்தார் என்பதாலேயே இன்னொருவர் பங்கு கரைந்து போய்விடாது. பெரிய அத்தை இல்லை, அவருக்கு மூன்று மகன்கள். சின்ன அத்தை தென்காசியில், வயது 84. ஆக எட்டு இல்லை, பன்னிரண்டு கையெழுத்து.

பன்னிரண்டையும் சேர்க்க 14 மாதம் ஆனது. விலை 9,60,000 ரூபாய். ஐந்து கிளைக்கும் கிளைக்கு 1,92,000 என்று தனித்தனி வரைவோலையாகக் கொடுக்க வேண்டும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். தென்காசி அம்மா பத்திர ஆபீசுக்கு வந்து, வரைவோலையைக் கண்ணாடி போட்டு இரண்டு தரம் படித்தார். "என் பேரா போட்டிருக்கு?" என்று கேட்டார். அப்பா சொத்திலிருந்து அவர் பெயருக்கு வந்த முதல் காகிதம் அது.

பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்து என்றால் கணக்கு வேறு. தமிழ்நாட்டில் 1989-லேயே, அப்போது திருமணமாகாத மகள்களுக்குச் சமபங்கு வந்தது. 2005 மத்தியச் சட்டத் திருத்தம் எல்லா மகள்களுக்கும் கொடுத்தது. தகப்பன் 2005-க்கு முன்பே இறந்திருந்தாலும் மகள் பங்கு உண்டு என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2004 டிசம்பர் 20-க்கு முன் பதிவான பாகப்பிரிவினை இருந்தால் அது நிற்கும். "வாய்வார்த்தையாப் பிரிச்சுக்கிட்டோம் அண்ணாச்சி" என்று யாராவது சொன்னால் காபியைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்துவிட்டேன், சுத்தமாக இருக்கிறது என்பார்கள். பதிவுத்துறை இணையதளத்தில் 1975 முதல் பார்க்கலாம், நல்ல வசதி. ஆனால் பதிவானது மட்டும்தான் அதில் வரும். உயிலைப் பதிவு செய்ய வேண்டும் என்று கட்டாயமில்லை. ஒருவர் இறந்ததும் அதில் வராது. அந்தக் காலத்தில் மூலப் பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்துவிட்டுப் பதிவே இல்லாமல் கடன் வாங்குவார்கள். கடன் பிரிவில் உட்கார்ந்திருந்தபோது அப்படிப்பட்ட பத்திரங்களை இரும்புப் பெட்டியில் எத்தனையோ பார்த்திருக்கிறேன். ஆகையால் மூலப் பத்திரத்தின் அசலைக் கண்ணால் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். நகலைக் காட்டி, "அசல் மெட்ராஸில் அண்ணன்கிட்ட இருக்கு" என்றால் அந்த அண்ணனைப் பார்த்துவிட்டு மேலே பேசுங்கள்.

நம் ஆற்றங்கரை ஊர்களுக்கென்றே இரண்டு விஷயம். ஒன்று, கோயில் மனை. சன்னதித் தெரு, மாட வீதி, அக்கிரகாரம் இங்கெல்லாம் கட்டடம் குடும்பத்துடையது, மனை கோயிலுடையது என்று இருக்கலாம். வீட்டுக்காரர் தலைமுறை தலைமுறையாகப் பகுதி கட்டி வந்திருப்பார். கோயில் மனையை அறநிலையத்துறை அனுமதியில்லாமல் பதிவு செய்யப் பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு தடுக்கிறது. செயல் அலுவலரிடம் முதலிலேயே விசாரித்துவிடுங்கள். இரண்டாவது, வாய்க்கால். புறவாசல் இறங்கினால் வாய்க்கால் என்பது கேட்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் பின்னால் இழுத்துக் கட்டிய குளியலறை வாய்க்கால் புறம்போக்கில் நிற்கும். சர்வேயரை வைத்து அளந்துவிட்டு விலை பேசுங்கள்.

பங்குதாரர்களில் யாராவது வெளிநாட்டில் இருந்தால், அங்கே எழுதிய பவர் பத்திரத்துக்கு, அது இந்தியா வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத்தீர்வை கட்ட வேண்டும். கொடுத்தவர் இறந்தால் அந்தப் பவரும் போச்சு. அவர் வெளிநாடுவாழ் இந்தியர் என்றால் அவர் பங்குக்கு வருமான வரியைப் பிடித்துக் கட்டுவது வாங்குகிற உங்கள் வேலை. 50 லட்சத்துக்கு மேல்தான் என்ற விதி அவருக்குக் கிடையாது. மைனர் பங்கு இருந்தால் நீதிமன்ற அனுமதி பற்றி வக்கீலிடம் கேளுங்கள்.

சரி, இனி வீட்டுக்குள் போவோம். தார்சா, பட்டாசல், முற்றம், இரண்டாங்கட்டு, அடுக்களை, புறவாசல் என்று நீளமாக ஓடும் வீடு. இரண்டு பக்கமும் அடுத்த வீட்டோடு பொதுச்சுவர். அதில் ஜன்னல் வைக்க முடியாது. வெளிச்சமும் காற்றும் முற்றம் வழியாகத்தான். முற்றத்துக்கு மேல் ஷீட் போட்டு மூடிவிட்டு "வீடு ஏன் புழுங்குகிறது?" என்று கேட்பவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பாக வருகிறது. கம்பி அழி போதும். பக்கத்து வீட்டுக்காரர் நாளைக்கு இடித்தால் உங்கள் சுவர் என்ன ஆகும் என்பதையும் யோசியுங்கள். பொதுச்சுவர் உரிமையைப் பத்திரத்தில் எழுத வையுங்கள்.

மட்டப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை. தேக்குக் கட்டைகளை வரிசையாகப் போட்டு, செங்கலைச் சுண்ணாம்புச் சாந்தில் நிறுத்தி அடுக்கி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டித் தட்டி, தட்டோடு பதித்திருப்பார்கள். கட்டையின் நடுப்பகுதி எப்போதும் நன்றாகத்தான் தெரியும். சுவருக்குள் நுழைகிற முனைதான் ஈரத்தில் உளுக்கும், கரையானும் அங்கேதான் ஏறும். ஒரு ஊசிக் கம்பியால் குத்திப் பாருங்கள், உள்ளே இறங்கினால் அந்தக் கட்டை போய்விட்டது. என் வீட்டில் 22 கட்டையில் 5 மாற்ற வேண்டியிருந்தது.

சுவர் சுண்ணாம்பு. வந்த முதல் கொத்தனார், உதிர்ந்த பூச்சை எல்லாம் சுரண்டிவிட்டு சிமெண்ட் பூசிவிடலாம், ஒரு வாரத்தில் முடியும் என்றார். வேண்டாம் என்றேன். சுண்ணாம்புச் சுவர் தரையிலிருந்து ஈரத்தை ஏற்றிக் காற்றில் விட்டுக்கொண்டே இருக்கும். மேலே சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, சிமெண்டையும் தள்ளிக்கொண்டு வரும். சுண்ணாம்பைத் தண்ணீரில் ஊறப்போட்டு வாரக்கணக்கில் வைத்து, கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டித் தண்ணீரும் சேர்த்துப் பூசத் தெரிந்த ஒரு பெரியவரை அம்பாசமுத்திரத்தில் தேடிப் பிடித்தேன். தாழையூத்தில் 1949-லேயே சிமெண்ட் ஆலை வந்த மாவட்டம் இது; சுண்ணாம்பு வேலை தெரிந்தவரைத் தேட வேண்டியிருப்பதில் ஆச்சரியமில்லை. அவர் நாளைக்கு ஒரு சுவர்தான் செய்வார். அவசரப்படுத்தினால் வரமாட்டார்.

வெள்ளத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். 1992 நவம்பரிலும் 2023 டிசம்பர் 17, 18-லும் தண்ணீர் எதுவரை வந்தது என்று எதிர்வீட்டு ஆச்சியிடம் கேளுங்கள். விற்பவர் சொல்லமாட்டார். ஆச்சி வாசல்படியைத் தொட்டுக் காட்டுவார்.

என் செலவு: வீடு 9,60,000, பதிவுச் செலவு 76,800. 2025 ஏப்ரல் முதல் 10 லட்சம் வரையுள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. வீட்டம்மா பெயரில் வாங்கியதில் 9,600 மிச்சம். மராமத்து இதுவரை 11 லட்சத்தைத் தாண்டிவிட்டது, இன்னும் அடுக்களை பாக்கி. அங்கீகரித்த வரைபடம் இல்லாத வீட்டுக்கு, நம் வயதுக்கு, வங்கி கடன் தராது; நானே தந்திருக்க மாட்டேன். கையிருப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இதில் போடாதீர்கள் என்பது என் அபிப்பிராயம்.

இன்னொன்று. இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் வாங்குபவர் மூன்று பேர் என்றால், ஏதோ ஒரு பூட்டிய வீட்டில் பங்கு உள்ளவர்கள் முப்பது பேராவது இருப்பீர்கள். பங்குதாரர்கள் ஒத்துப் போகாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போய்ப் பாருங்கள். செட்டிநாட்டு வீடுகளைப் பிரித்தெடுத்த தேக்குத் தூண்களும் நிலைக்கதவுகளும் பழம்பொருள் கடைகளில் வரிசையாக நிற்கின்றன. வீட்டைப் பங்கு போட முடியவில்லை, மரத்தைப் போட முடிந்தது. அதே செட்டிநாட்டில் கோத்தமங்கலத்தில், மிஷேல் அட்மான், பெர்னார் டிராகோன் என்ற இரண்டு பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர்கள் சாரதா விலாஸ் என்ற வீட்டைச் செப்பனிட்டு விருந்தினர் விடுதியாக நடத்தினார்கள். பிரான்சிலிருந்து இங்கே வந்து!

உங்கள் தலைமுறையில் நாலு பேர் என்றால் பிள்ளைகள் தலைமுறையில் பத்துப் பேர், அதில் பாதி வெளிநாடு. வாரிசுச் சான்று, இறப்புச் சான்று எல்லாம் இப்போதே வாங்கி வையுங்கள். அண்ணன் தம்பி அக்கா தங்கை உயிரோடு இருக்கும்போதே ஒருவர் பெயருக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக்கொள்ளலாம், பங்குக்கான பணத்தைக் கொடுத்துவிட்டு. குடும்பத்துக்குள் என்றால் முத்திரைத்தீர்வை 1 சதவீதம்தான், அதற்கும் உச்சவரம்பு உண்டு.

பத்திர நகல் வைத்திருப்பவர்கள் ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு மேல் சங்க அறைக்குக் கொண்டுவாருங்கள், வம்சாவளி வரைந்து யார் யார் கையெழுத்து வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன். கட்டணம் கிடையாது. வக்கீல் கருத்து தனியாக வாங்கிக்கொள்ள வேண்டும். சனிக்கிழமை வர வேண்டாம், ஊரில் இருக்க மாட்டேன்.