64 எப்படி 65 ஆகும்?



இன்று நாம் நீண்ட பிரசங்கம் ஒன்றும் செய்யப் போவதில்லை. வடிவ கணித விளையாட்டு ஒன்றைக் காட்டிவிட்டு உட்காரப் போகிறோம். அதற்கு வேண்டியவை ஒரு கெட்டி அட்டை, ஓர் அளவுகோல், ஒரு கத்தரிக்கோல் ஆகிய மூன்றேதான்.

இந்த அட்டை 8 அங்குலச் சதுரம். சதுரங்கப் பலகை போல் அங்குலக் கட்டம் போட்டிருக்கிறோம். எண்ணிப் பாருங்கள், 64 கட்டங்கள். இதை மேலே 3 வரிசை, கீழே 5 வரிசை என்று இரண்டாக வெட்டுகிறோம். 3 வரிசைத் துண்டை மூலைக்கு மூலை வெட்டினால் இரண்டு முக்கோணம். 5 வரிசைத் துண்டை, மேல் ஓரத்தில் இடமிருந்து 3-வது கட்டம் முடியும் இடத்திலிருந்து கீழ் ஓரத்தில் 5-வது கட்டம் முடியும் இடத்திற்குச் சாய்வாக வெட்டினால் இரண்டு கோணல் துண்டு. ஒவ்வொரு முக்கோணத்தையும் ஒரு கோணல் துண்டுடன் 3 அங்குல ஓரங்கள் ஒட்டும்படி சேர்த்து, அந்த இரண்டு ஜோடியையும் ஒன்றுக்கொன்று தலைகீழாகப் பொருத்துகிறோம். 13 அங்குல நீளமும் 5 அங்குல அகலமுமாகிவிட்டது. பதின்மூன்றைந்து 65!

ஒரு கட்டம் எங்கிருந்து வந்தது? இதைக் கண்டவுடன் "கைவித்தை" என்று எழுந்து போகிறவர் ஒருவர். "படித்தவர் சொன்னால் சரியாகத்தானிருக்கும்" என்று தலையாட்டுகிறவர் மற்றொருவர். "அந்த அளவுகோலைக் கொடும்" என்று கேட்கிறவர் மூன்றாமவர். அந்த மூன்றாமவருக்காகவே நாம் இங்கு வந்தோம்.

அவர் என்ன காண்பார்? முக்கோணத்தின் சாய்வு 8 அங்குலத்திற்கு 3 அங்குலம் ஏறுகிறது. கோணல் துண்டின் சாய்வோ 5 அங்குலத்திற்கு 2 அங்குலம் ஏறுகிறது. 40 அங்குலம் போனால் முன்னது 15, பின்னது 16. ஆகவே இரண்டும் ஒரே கோடாக முடியாது. நடுவில் மூலைக்கு மூலை ஒரு சந்து இருக்கிறது. நீளம் சுமார் 14 அங்குலம். அகலம் எங்கும் அரைக்கால் அங்குலத்திற்கும் குறைவு. அந்தச் சந்தின் பரப்பு சரியாக ஒரு கட்டம்! அட்டை வளரவில்லை; கண்தான் ஏமாந்தது.

இந்தப் புதிர் ஜெர்மனியில் ஷ்லோமில்க் என்ற கணித ஆசிரியரால் 1868-ல் ஒரு கணிதப் பத்திரிகையில் அச்சாயிற்று. ஆனால் அவர் பெயருக்காக இதை நம்ப வேண்டியதில்லை. நாம் சொல்வதற்காகவும் நம்ப வேண்டியதில்லை. வீட்டிற்குப் போய் வெட்டிப் பாருங்கள்.

தோழர்களே! ஒரு கட்டம்தானே என்று நினைக்காதீர்கள். நிலத்தை அளக்கும்போதும், கடன் பத்திரத்தில் வட்டி போடும்போதும், நெல்லை அளக்கும்போதும் ஏமாற்று இப்படிப்பட்ட மெல்லிய சந்தில்தான் ஒளிந்திருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். "அளந்து பார்க்கிறேன்" என்று சொல்லும் தைரியம் போதும். "கணக்கு உனக்கு வராது" என்று ஒதுக்கப்பட்ட பெண்களிடமும் பிள்ளைகளிடமும் முதலில் கத்தரிக்கோலைக் கொடுங்கள்.

கடைசியாக ஒன்று. 13 அங்குலச் சதுரத்தை 5 வரிசை, 8 வரிசையாகப் பிரித்து, 8 வரிசைத் துண்டில் 5-வது கட்டத்திலிருந்து 8-வது கட்டத்திற்குச் சாய்வாக வெட்டி, இதே மாதிரி மாற்றிப் பொருத்துங்கள். 169 கட்டம் 168 ஆகிவிடும். இம்முறை ஒரு கட்டம் எங்கே போயிற்று? விடையை நாம் சொல்லப் போவதில்லை. நீங்களே கண்டுபிடித்து, அடுத்த கூட்டத்தில் எங்களுக்குச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டு இத்துடன் முடித்துக் கொள்ளுகிறோம்.