பழைய காரும் பாட்டுப்பெட்டியும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் மின்னியல் துறைப் பழைய மாணவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"தொழில் அனுபவம் பற்றி ஏதாவது பேசுங்க" என்று செயலாளர் சொன்னார். எனக்கு முன்னால் பேசியவர்கள் டர்பைன், டிரான்ஸ்ஃபார்மர் என்று பெரிய விஷயமெல்லாம் பேசிவிட்டார்கள். நான் 12 வோல்ட்டோடு நிறுத்திக்கொள்கிறேன். ஒரு பழைய காரில் ஸ்டீரியோ மாட்டுவது எப்படி, இவ்வளவுதான் தலைப்பு. சிரிக்காதீங்க, நம்ம இரண்டாம் வருஷப் பாடம் முக்கால்வாசி இதுக்குள்ளேயே இருக்கு.

2003-இல் 1996 மாடல் மாருதி 800 ஒன்று செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். சாதா மாடல். ரேடியோ வைக்கிற இடத்தை ஒரு பிளாஸ்டிக் மூடி போட்டு அடைத்திருந்தது. டிப்ளமா படித்தவன் போய்க் கடைக்காரனிடம் கூலி கொடுத்து மாட்டுவானா? நானே உட்கார்ந்தேன்.

பெட்டிக்குப் பின்னால் வால் மாதிரி ஒரு கற்றை ஒயர் வரும். பெரும்பாலான கம்பெனிப் பெட்டிகளில் நிறம் ஒன்றுதான். கறுப்பு எர்த். மஞ்சள் எப்போதும் பேட்டரியோடு இருக்க வேண்டியது. கடிகாரமும் ஸ்டேஷன் நினைவும் அதில்தான் உயிரோடு இருக்கும். சிவப்பு, சாவியைத் திருப்பினால் மட்டும் கரண்ட் வரும் இடத்துக்கு. வெள்ளை, சாம்பல் முன் ஸ்பீக்கர்கள். பச்சை, ஊதா பின் ஸ்பீக்கர்கள். ஒவ்வொன்றுக்கும் கறுப்புக் கோடு போட்ட ஜோடி ஒன்று உண்டு, அது மைனஸ். மலிவுப் பெட்டியில் நிறத்தை நம்பாதீங்க, மேலே ஒட்டியிருக்கும் படத்தைப் பாருங்க.

நான் செய்த தப்பு என்ன தெரியுமா? சாவி இல்லாமலே பாட்டுக் கேட்கணும் என்று சிவப்பையும் மஞ்சளையும் சேர்த்து முறுக்கி நேரே பேட்டரிக்குக் கொடுத்துவிட்டேன். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு வண்டியை நிறுத்தினேன். வால்யூமைக் குறைத்தேன், பெட்டியை அணைக்கவில்லை. சத்தம் இல்லையே, அணைந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். ஞாயிறு ராத்திரி பதினொன்றுக்கு அப்பாவுக்கு நெஞ்சு வலி. தூக்கி வந்து பின் சீட்டில் படுக்க வைத்து சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரே ஒரு சத்தம், அதோடு சரி. அம்மாவும் தம்பியும் தள்ளினார்கள். கிளம்பவே இல்லை. எதிர்வீட்டுக்காரர் தெருமுனைக்கு ஓடி ஆட்டோ பிடித்து வந்தார். இருபது நிமிஷம் போயிற்று. அப்பா பிழைத்தார், பிறகும் ஒன்பது வருஷம் இருந்தார். ஆனால் அந்த இருபது நிமிஷத்தை நான் இன்னும் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன்.

பிறகு மீட்டர் வைத்துப் பார்த்தேன். சத்தமில்லாமல் ஓடும்போது பெட்டி இழுத்தது 0.6 ஆம்பியர். 52 மணி நேரம். பெருக்கினால் 31 ஆம்பியர்-அவர். என் பேட்டரி 35. கணக்குச் சரியாக இருந்தது, பரீட்சையில் போட்டிருந்தால் முழு மார்க்.

ஆகவே சிவப்பு சாவிக்குத்தான் போகணும். சாவியில் 'ஏசிசி' நிலை இல்லாத பழைய வண்டியென்றால் ஃபியூஸ் பாக்ஸில், சாவி போட்டால் மட்டும் உயிர் வரும் லைனை டெஸ்ட் லேம்ப் வைத்துக் கண்டுபிடியுங்கள். சிவப்பும் மஞ்சளும் இடம் மாறிவிட்டால் சுலபமாகத் தெரியும்: வண்டியை அணைக்கும்போதெல்லாம் ஸ்டேஷன்கள் மறந்துபோகும்.

அடுத்தது ஃபியூஸ். "பெட்டிக்குப் பின்னாலேயே ஃபியூஸ் இருக்கே, இன்னொன்று எதுக்கு?" என்று கேட்பார்கள். அந்த ஃபியூஸ் பெட்டிக்கு. பேட்டரியிலிருந்து பெட்டி வரைக்கும் வரும் ஒயருக்கு யார் காவல்? இன்ஜினுக்கும் நமக்கும் நடுவில் இருக்கும் தகரச் சுவரில் ஓட்டை போட்டு, ரப்பர் புஷ் இல்லாமல் ஒயரை இழுத்தால், ஆறு மாச ஆட்டத்தில் தகர விளிம்பு ஒயர் தோலைச் சீவிவிடும். ஷார்ட் ஆனால் சின்ன பேட்டரியே நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும். ஒயர் பழுக்கும், காலடிக் கம்பளம் பற்றும். பேட்டரி முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் இருக்கட்டும். வேலை தொடங்குமுன் பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றி விடுங்கள்.

இப்போது பெட்டி மேல் அச்சடித்திருக்கும் '50 வாட் × 4'. தம்பிகளா, இதை நம்பாதீங்க, கணக்குப் போடுங்க. வண்டி ஓடும்போது ஏறத்தாழ 14 வோல்ட். ஸ்பீக்கர் 4 ஓம். பழைய கேசட் பெட்டிகளில் ஸ்பீக்கரின் ஒரு முனை எர்த்தில் இருக்கும். உச்சம் 7 வோல்ட், ஆர்எம்எஸ் 5, ஆக 6 வாட் வந்தால் அதிகம். புதுப் பெட்டிகளில் பிரிட்ஜ் முறை. இரண்டு முனையையும் எதிரெதிராக ஆட்டுவதால் உச்சம் 14, ஆர்எம்எஸ் 10, ஆக 25 வாட். நிஜத்தில் அதற்கும் கீழேதான். பிறகு 50 எங்கிருந்து வந்தது? 14-ஐ 14-ஆல் பெருக்கி 4-ஆல் வகுங்கள், 49. அதாவது பாட்டு முழுக்கச் சிதைந்து சதுர அலையாகிவிட்டால் வரும் வாட். அதைக் காது கேட்காது, கேட்டால் தாங்காது. பின்னால் 10 ஆம்பியர் ஃபியூஸ் வைத்த பெட்டி மொத்தமே 140 வாட்டுக்கு மேல் இழுக்க முடியாது. 200 வாட் வெளியே எப்படித் தரும்?

இதே பிரிட்ஜ் விஷயத்தில்தான் பழைய வண்டிக்காரர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். முன்பு ஸ்பீக்கருக்கு ஒற்றை ஒயர் இழுத்து, மைனஸை பாடியிலேயே கொடுத்திருப்பார்கள். புதுப் பெட்டியை அதில் மாட்டினால் உள்ளே இருக்கும் ஐசி போய்விடும். நாலு ஸ்பீக்கருக்கும் எட்டு ஒயர் தனித்தனியாக வரணும், எதுவும் தகரத்தைத் தொடக்கூடாது.

எந்த முனை ப்ளஸ் என்று தெரியாவிட்டால் பெட்டியிலிருந்து ஸ்பீக்கரைக் கழற்றி, 1.5 வோல்ட் டார்ச் செல்லை ஒரு நொடி தொட்டு எடுங்கள். 'டொப்' என்று காகிதம் வெளியே தள்ளினால், செல்லின் ப்ளஸ் தொட்டதுதான் ஸ்பீக்கரின் ப்ளஸ். ஒன்றை மாற்றி மாட்டினால் ஒன்றும் எரியாது, மேளச் சத்தம் மட்டும் காணாமல் போகும்.

ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க 'ங்ங்ங்' என்று கூடவே ஏறும் இரைச்சல் இருக்கே, அது ஆல்டர்னேட்டர். பெரும்பாலும் எர்த் சரியில்லாததுதான் காரணம். கறுப்பு ஒயரை இறுக்கும் இடத்தில் பெயின்டைச் சுரண்டி, வெறும் தகரத்தில் போல்ட் போட்டு முடுக்குங்கள். டிக்கியில் தனி ஆம்ப்ளிஃபயர் வைத்தால் அதன் எர்த்தையும் அப்படியே செய்யுங்கள். கரண்ட் ஒயர் ஒரு பக்கமும் பாட்டு ஒயர் மறுபக்கமும் போகட்டும்.

அந்த மாருதியை இன்னும் வைத்திருக்கிறேன். வெளியே வேப்ப மரத்தடியில் நிற்கிறது. மீட்டரும் டெஸ்ட் லேம்ப்பும் டேஷ்போர்டில் இருக்கு. சாப்பாட்டு இடைவேளையில் விருப்பமுள்ள மாணவர்கள் வாங்க, மூடியைக் கழற்றிக் காட்டுகிறேன்.