குமிழி எப்போது வருகிறது?



யாழ்ப்பாணத்திலிருந்து குறிகட்டுவானுக்குப் போகும் தெருவை உங்களில் பலர் அறிவீர்கள். பண்ணையைத் தாண்டி, அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை என்று போய், வாணர் தாம்போதியில் ஏறிப் புங்குடுதீவுக்குள் இறங்கினால், குறிகட்டுவான் இறங்குதுறையோடு தெரு முடிகிறது. அதற்கு அப்பால் நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகுதான். தாம்போதியில் மர நிழல் கிடையாது. அங்கே ஒரு வான் கொதித்து நின்றால், இரண்டு பக்கமும் கண்ணுக்கெட்டிய வரை தண்ணீர். ஆனால் அதில் ஒரு போத்தல்கூட றேடியேற்றருக்கு ஆகாது.

ஆனி மாதத்தில் நயினாதீவு நாகபூசணி அம்மன் திருவிழா. அதை ஒட்டியே யூலை, ஓகஸ்ட் விடுமுறைக்கு வெளிநாட்டிலிருந்து உறவுகள் வருவார்கள். வான் நிறைய ஆட்கள், ஏசி முழு வேகத்தில். படகு வரும்வரை பிள்ளைகளுக்கு வெக்கையாக இருக்கும் என்று இறங்குதுறையிலும் எஞ்சினை நிறுத்துவதில்லை. ஓடும்போது எதிர்க்காற்று றேடியேற்றரைக் குளிரவைத்தது. நின்றபின் அந்த வேலை முழுவதும் ஃபானின் தலையில். எஞ்சினில் எங்காவது ஒரு பலவீனம் இருந்தால் அது வெளியே தெரிவது இப்படிப்பட்ட நேரத்தில்தான்.

அடுத்த நாள் கராஜில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

“அண்ணை, தண்ணி விட்டா ஓடுது. பேந்து குறைஞ்சு போகுது. மூடியைத் திறந்து பாத்தா உள்ளுக்கை குமிழி குமிழியா வருது. ஹெட் கஸ்கெட் போட்டுதோ?”

“பொறு தம்பி. குமிழி எப்ப வருது? விடிய ஸ்ராட் பண்ணின உடனயோ, சூடேறின பிறகோ? கொஞ்ச நேரத்திலை நிக்குதோ, நிக்காமல் வருதோ?”

இந்தக் கேள்விகள்தான் இன்றைய உரையின் பொருள். குமிழியைக் கண்டதும் ஹெட்டைக் கழற்றத் தேவையில்லை. கண்டும் காணாமல் தண்ணீரை விட்டு விட்டு ஓடவும் கூடாது. எப்போது வருகிறது, எவ்வளவு நேரம் வருகிறது என்று பார்த்தாலே பாதிக் காரணம் பிடிபட்டுவிடும்.

சோதிக்கப் போகுமுன் ஓர் எச்சரிக்கை. சூடான எஞ்சினின் றேடியேற்றர் மூடியைத் திறக்கவே கூடாது. யப்பான் வாகனங்களின் மூடியில் 0.9 அல்லது 1.1 என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேலாக அந்த மூடி எவ்வளவு அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் என்பதுதான் அந்த எண். 0.9 மூடி போட்ட றேடியேற்றரில் வெறும் தண்ணீர்கூட ஏறக்குறைய 118 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. மூடியைத் திருகியதும் அழுத்தம் போய்விடும். 100 பாகையைத் தாண்டிய தண்ணீர் அந்தக் கணமே கொதித்து, ஆவியோடு முகத்தில் அடிக்கும். ஆகவே சோதனையை விடியற்காலையில், எஞ்சின் முழுதாக ஆறியிருக்கும்போது செய்யுங்கள்.

இப்போது மூடியைத் திறந்து, வாய்வரை தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்து, எஞ்சினை ஸ்ராட் செய்யுங்கள். மூன்று விதமாக நடக்கலாம்.

முதலாவது: தொடக்கத்தில் இடைக்கிடை குமிழி வரும். எஞ்சின் சூடேறி, பெரும்பாலும் 82 பாகைக்குக் கிட்ட, தேர்மோஸ்டாட் திறந்ததும் தண்ணீர் மட்டம் சட்டென்று இறங்கும், சில பெரிய குமிழிகள் வெளியேறும், பிறகு அடங்கிவிடும். இது உள்ளே அகப்பட்ட காற்று. அண்மையில் கூலண்ட் மாற்றியிருந்தால், ஹோஸ் அல்லது வோட்டர் பம்ப் மாற்றியிருந்தால் இப்படி வரும். இதற்குப் பயப்படத் தேவையில்லை. ஆனால் அப்படியே விட்டுவிடவும் முடியாது. காற்று வெப்பத்தை நன்றாகக் கடத்தாது. எஞ்சினின் மேற்பகுதியில் காற்று தங்கினால் அந்த இடம் மட்டும் கொதிக்கும். வெப்பம் அளக்கும் சென்சர் காற்றுக்குள் அகப்பட்டால் மீற்றர் முள் ஏறி இறங்கும். சில வேளை எஞ்சின் கொதித்துக்கொண்டிருக்க முள் கீழேயே கிடக்கும். முள்ளை நம்பி ஓடியவர்கள் ஹெட்டை இழப்பது இப்படித்தான்.

காற்றை வெளியேற்ற, வாகனத்தின் முன்பக்கத்தை உயர்த்தி, றேடியேற்றர் வாய் எஞ்சினைவிட மேலே இருக்கும்படி செய்யுங்கள். புங்குடுதீவில் ஏற்றமான தெருவைத் தேடிப் பயனில்லை. ஜக் போட்டு உயர்த்தி, சக்கரத்துக்குக் கட்டை வைக்க வேண்டியதுதான். கூலண்டை மெதுவாக ஊற்றுங்கள். காற்றுத் திருகாணி இருந்தால் தண்ணீர் மட்டும் வரும்வரை அதைத் திறந்து வையுங்கள். மேல் ஹோஸ் சூடாகி, ஃபான் ஒருமுறை சுழன்று நிற்கும்வரை ஓடவிட்டு, குறைந்ததை நிரப்புங்கள். மறுநாள் காலை ஆறியபின் மட்டத்தை மீண்டும் பாருங்கள். தேர்மோஸ்டாட்டில் ஆடும் ஊசியோடு சிறு துவாரம் இருக்குமானால், பொருத்தும்போது அது பொதுவாக மேலே வர வேண்டும். காற்று தப்பிப் போகும் வழி அது.

இரண்டாவது: ஆறிய எஞ்சினில் குமிழி அவ்வளவாக இல்லை. ஆனால் சில நாள் ஓடியபின் தண்ணீர் குறைகிறது, உள்ளே காற்று சேர்ந்திருக்கிறது. அப்படியானால் காற்று எங்கிருந்தோ உள்ளே வருகிறது. எஞ்சின் ஆறும்போது உள்ளே இருக்கும் தண்ணீர் சுருங்கி, பக்கத்துப் போத்தலிலிருந்து கூலண்டை இழுத்துக்கொள்ள வேண்டும். மூடியின் சிறு வால்வு அடைத்துக்கொண்டாலோ, போத்தலுக்குப் போகும் மெல்லிய ரியூப் வெடித்திருந்தாலோ கூலண்ட் திரும்பி வராது. போத்தல் நிறைந்திருக்க றேடியேற்றர் குறைந்திருக்கும். சில வேளை மேல் ஹோஸ் ஒடுங்கிப் போயிருக்கும். இதற்கு மருந்து ஒரு புது மூடி, அல்லது ஒரு முழம் ரியூப். எல்லாவற்றுக்கும் முதலில் பார்க்க வேண்டியது மூடியைத்தான்; அதைவிட மலிவான சாமான் இதில் வேறில்லை.

தோட்டத்துக்கு மெசினில் தண்ணீர் இறைப்பவர்களுக்கு இன்னொரு காரணத்தைச் சொல்லி விளங்கவைக்கத் தேவையில்லை. உறிஞ்சும் குழாயில் ஊசித் துவாரம் இருந்தால் மெசின் தண்ணீரோடு காற்றையும் இழுக்கும். காரிலும் அதுவே. கீழ் ஹோஸின் கிளிப் தளர்ந்திருந்தாலும், வோட்டர் பம்பின் சீல் தேய்ந்திருந்தாலும் அதே கதை. ஓடும்போது காற்று உள்ளே வரலாம், நின்றபின் அதே வழியால் தண்ணீர் கசியலாம். கராஜில் கைப்பம்பினால் றேடியேற்றருக்கு அழுத்தம் கொடுத்து, மீற்றர் இறங்குகிறதா என்று பார்த்தால் கசியும் இடம் தெரிந்துவிடும்.

மூன்றாவதுதான் செலவு வைப்பது. ஆறிய எஞ்சினை ஸ்ராட் செய்த சில நொடிகளிலேயே குமிழி வரத் தொடங்கும். அக்சிலேற்றரை மிதித்தால் கூடும். எவ்வளவு நேரம் போனாலும் நிற்காது. மூடியைப் போட்டு ஓடவிட்டால், தண்ணீர் சூடாகுமுன்பே மேல் ஹோஸ் கல்லாக இறுகும். தண்ணீர் இன்னும் சூடாகவே இல்லை, ஆகவே இது நீராவி அல்ல. சிலிண்டருக்குள் எரிந்த வாயு ஹெட் கஸ்கெட்டைத் தாண்டித் தண்ணீருக்குள் வருகிறது; அல்லது ஹெட்டில் வெடிப்பு விழுந்திருக்கிறது.

ஏன் தண்ணீர் சிலிண்டருக்குள் போகாமல் வாயு தண்ணீருக்குள் வருகிறது? சுமையோடு ஓடும் பெற்றோல் எஞ்சினில் எரியும் கணத்தின் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைப்போல் 40 மடங்கையும் தாண்டும். டீசலில் அதைவிட அதிகம். றேடியேற்றருக்குள் இருப்பதோ வெளிக்காற்றைப்போல் இரண்டு மடங்கு மட்டுமே. எஞ்சின் நின்றபின் நிலைமை தலைகீழாகும். தண்ணீரில் மிஞ்சிய அழுத்தம் அதை மெல்ல மெல்லச் சிலிண்டருக்குள் தள்ளும். அதனால்தான் காலையில் ஸ்ராட் பண்ணும்போது எஞ்சின் சிறிது உதறி, சைலன்சரில் வெள்ளைப் புகை விடுகிறது. ஓயில் பால் நிறமாக மாறினால் அதுவும் ஓர் அடையாளம். ஆனால் ஓயில் நன்றாக இருக்கிறது என்பதற்காகக் கஸ்கெட்டும் நல்லது என்று சொல்ல முடியாது.

இதை உறுதி செய்ய ஓர் எளிய சோதனை உண்டு. றேடியேற்றர் வாயில் கண்ணாடிக் குழாய் ஒன்றை வைத்து, உள்ளிருந்து வரும் வாயுவை நீல நிறத் திரவம் ஒன்றினூடாக இழுப்பார்கள். அதில் எரிந்த வாயுவின் கரியமிலவாயு இருந்தால் நீலம் மஞ்சளாகும். வெறும் காற்று என்றால் நிறம் மாறாது. இந்தத் திரவம் இல்லாத கராஜில், பிளக்கைக் கழற்றி அந்தத் துவாரத்தால் சிலிண்டருக்குள் கொம்பிரசர் காற்றை விட்டு, றேடியேற்றரில் குமிழி வருகிறதா என்று பார்ப்பார்கள். எந்தச் சிலிண்டருக்குக் காற்று விடும்போது குமிழி வருகிறதோ, பழுது அதனருகில்தான்.

“தண்ணி விட்டு ஓடலாம்” என்ற துணிச்சல் எங்கள் ஊரில் எங்கிருந்து வந்தது? 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தை நினைத்துப் பாருங்கள். பெற்றோல் இல்லை. யாழ்ப்பாணத்து ஒஸ்ரின் ஏ40களும் மொறிஸ் மைனர்களும் மண்ணெண்ணெயில் ஓடின. காபரேற்றருக்குச் சில துளி பெற்றோல் காட்டி ஸ்ராட் செய்து, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மண்ணெண்ணெய் சீராக எரியாமல் தட்டி வெடிக்கும். அந்தத் தட்டல் ஹெட்டையும் கஸ்கெட்டையும் வதைக்கும். ஆனாலும் அந்த எஞ்சின்களின் ஹெட் வார்ப்பிரும்பு. கொதித்தாலும் இலகுவில் வளையாது. இன்று ஓடும் ஹையேஸ்களிலும் சிறிய கார்களிலும் பெரும்பாலும் அலுமினிய ஹெட். கடுமையாக ஒருமுறை கொதித்தாலே வளைந்துவிடக்கூடும். பழைய துணிச்சலைப் புதிய எஞ்சினிடம் காட்டக் கூடாது. கொதித்தால் உடனே ஓரமாக நிறுத்தி எஞ்சினை ஓஃப் செய்யுங்கள். கொதிக்கும் எஞ்சினில் பச்சைத் தண்ணீரை ஊற்றாதீர்கள், ஹெட் வெடிக்கக்கூடும்.

இந்த எச்சரிக்கைக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2020 மார்ச்சில் வந்த வாகன இறக்குமதித் தடை 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்கு நீங்கியது. அந்த ஐந்து வருடமும் பழைய வாகனங்களைத் திருத்தித் திருத்தியே ஓட்டினோம். இன்றும் தெருவில் ஓடுபவற்றில் பல அவைதான்.

அடுத்தது தண்ணீர். தீவகத்து நிலம் சுண்ணாம்புக் கல். கிணறுகளில் பல உவர். குடிநீருக்கே பவுசரை எதிர்பார்க்கும் ஊரில், உவர் நீரைத்தான் றேடியேற்றருக்கு ஊற்றுகிறார்கள். உப்பு அலுமினியத்தை அரித்துக் குழி விழுத்தும். சுண்ணாம்பு உள்ளே படிந்து றேடியேற்றரின் நுண்குழாய்களை அடைக்கும். கசிவை அடைக்க மஞ்சள் தூள் போடும் பழக்கமும் அந்த அடைப்போடுதான் சேரும். காய்ச்சி வடித்த நீரில் கலந்த கூலண்ட்தான் சரி. அவசரத்துக்குச் சுத்தமாகப் பிடித்த மழைநீர், கிணற்று நீரைவிட நல்லது. குளிர் இல்லாத நாட்டில் கூலண்ட் எதற்கு என்று கேட்பார்கள். துரு பிடிக்காமல் தடுப்பதும் கொதிநிலையை உயர்த்துவதும் அதன் வேலை. ஆனால் பெரும்பாலான கூலண்டில் இருக்கும் கிளைக்கோல் இனிப்பான நஞ்சு. கழற்றிய கூலண்டை ஆடு, மாடு, நாய் குடிக்கும்படி விடாதீர்கள். கிணற்றடியில் ஊற்றவே வேண்டாம். சுண்ணாம்புக் கல் வெடிப்புகளால் அது நேரே நன்னீருக்குப் போய்ச் சேரும்.

கடைசியாக, கராஜுக்குப் போகும்போது என்ன சொல்வது? “கொதிக்குது” என்று மட்டும் சொல்லாதீர்கள். குமிழி ஆறிய எஞ்சினில் வந்ததா, எவ்வளவு நேரத்தில் நின்றது, மேல் ஹோஸ் எப்போது இறுகியது, எத்தனை நாளில் எவ்வளவு தண்ணீர் குறைந்தது என்று சொல்லுங்கள். ஹெட்டைக் கழற்றுமுன் வாயுச் சோதனை செய்யச் சொல்லுங்கள். கழற்றியபின் ஹெட் மட்டமாக இருக்கிறதா என்று அளந்து காட்டச் சொல்லுங்கள். கஸ்கெட் ஏன் போனது என்றும் கேளுங்கள். ஃபான் சுழலவில்லையா, றேடியேற்றர் அடைத்ததா, தேர்மோஸ்டாட் இறுகியதா? அந்தக் காரணத்தைத் திருத்தாமல் புதுக் கஸ்கெட்டைப் போட்டால், சில மாதத்தில் அதே கராஜுக்கு அதே செலவோடு திரும்பி வருவீர்கள்.