இலை எதற்காகக் காத்திருக்கிறது?



வடக்கே வந்து குடியேறிய நம்மவர் இல்லங்களில் தொட்டிகளில் வளரும் செடிகளுள் கறிவேப்பிலைக்குத் தனி மதிப்பு உண்டு. துளசியை எங்கும் பெறலாம். கறிவேப்பிலைக் கன்றோ பெரும்பாலும் ஊரிலிருந்து ரயிலில், மடிமீது வைத்துக் கொண்டுவரப்படுவது. நான் டில்லியில் பணியேற்ற ஆண்டு என் தாயார் அவ்வாறு ஒரு கன்றைக் கொண்டுவந்து தந்தார். அதனை முதற் குளிர்காலத்திலேயே நான் கொன்றுவிட்டேன். அளவுக்கு மீறிய கவனிப்பே அதற்குக் காரணம். கலைப் பாடங்கள் பயின்றவனாகிய எனக்கு, அலுவல் நிமித்தமாகத் தாவர நூல் ஒன்றைத் தமிழாக்க நேர்ந்தபோதுதான் என் பிழை இன்னதென்று விளங்கிற்று.

நிகழ்ந்தது இதுதான். மார்கழியில் செடியின் இலைகள் மஞ்சளாகி உதிரலாயின. குளிர் தாங்கவில்லை என்று எண்ணி, அதனை மாடத்திலிருந்து எடுத்துச் சமையலறை மூலையில் வைத்தேன். நாள்தோறும் நீர் வார்த்தேன், எருவும் இட்டேன். தை பிறந்து சில நாட்களில் தண்டு கறுத்துவிட்டது.

செடி தன் உடலை எதனாற் கட்டிக்கொள்கிறது? மண்ணைத் தின்று வளர்கிறது என்றே நெடுங்காலம் எண்ணினர். பதினேழாம் நூற்றாண்டில் வான் ஹெல்மாண்ட் என்பார், உலர்த்தி நிறுத்த 200 பவுண்டு மண்ணில் வில்லோ மரக்கன்று ஒன்றை நட்டு, ஐந்தாண்டுக் காலம் நீர் மட்டுமே வார்த்தார். மரம் 160 பவுண்டுக்கு மேல் எடை கூடிற்று. மண்ணோ இரண்டு அவுன்சு அளவே குறைந்திருந்தது. நீரே மரமாயிற்று என்று அவர் முடிவு கட்டினார். காற்றையும் ஒளியையும் அவர் கணக்கிற் சேர்க்கவில்லை.

காற்றிலுள்ள கரியமில வாயுவும், வேர் உறிஞ்சித் தரும் நீருமே இலையின் மூலப்பொருள்கள். இவற்றைச் சர்க்கரையாக்குவதற்கு வேண்டிய ஆற்றலைக் கதிரவன் ஒளி தருகிறது. இதனையே ஒளிச்சேர்க்கை என்கிறோம். முதலில் இலையின் பச்சையம் ஒளியை, சிறப்பாகச் சிவப்பு, நீலக் கதிர்களைக் கவர்ந்து நீரைப் பிளக்கிறது. நாம் சுவாசிக்கும் பிராணவாயு இவ்வாறு பிளவுண்ட நீரிலிருந்தே வெளிப்படுகிறது என்பது 1941-ல் சோதனையால் தெளிவாயிற்று. ஒளியாற் கிடைத்த ஆற்றலைக் கொண்டு, பின்னர் நொதிகள் கரியமில வாயுவைச் சர்க்கரையாக்குகின்றன. இந்த இரண்டாம் பகுதியின் வழியைக் கண்டறிந்தமைக்காக மெல்வின் கால்வினுக்கு 1961-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இவ்வேலை இருபகுதிகளால் ஆனது என்பதை முதலில் உணர்த்தியவர் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த பிளாக்மன். அவரும் அவருடன் பணியாற்றிய மத்தேயி அம்மையாரும் செர்ரி லாரல் இலைகளை வெவ்வேறு ஒளியிலும் உஷ்ணநிலையிலும் வைத்து, அவை ஏற்கும் கரியமில வாயுவை அளந்தனர். மங்கிய ஒளியில் உஷ்ணத்தை உயர்த்தினால் வேகம் கூடவில்லை. ஒளி மிகுந்திருந்தபோதோ உஷ்ணம் உயர உயர, ஓர் எல்லை வரை, வேகமும் ஏறிற்று. ஒளியால் நடக்கும் வேலைக்கு உஷ்ணம் பெரிதன்று; நொதிகளின் வேலைக்கோ அது இன்றியமையாதது. பல பொருள்களைச் சார்ந்து நடக்கும் ஒரு வேலையின் வேகத்தை, அவற்றுள் மிகக் குறைந்திருக்கும் ஒன்றே வரையறுக்கிறது என்று 1905-ல் பிளாக்மன் எழுதினார்.

எங்கள் போன்ற அலுவலகத்தார்க்கு இவ்விதி புதிதன்று. மொழிபெயர்ப்பாளர் ஐவரும் தட்டச்சர் ஒருவரும் உள்ள பிரிவில், ஆறாவதாக ஒரு மொழிபெயர்ப்பாளரை நியமித்தால் தட்டச்சர் மேசையிற் காகிதக் குவியல்தான் உயரும். ஆயினும் நியமிக்கிறார்கள்.

என் செடிக்கு வருவோம். டில்லியில் ஜனவரி இரவுகளில் உஷ்ணம் நாலைந்து டிகிரி செல்சியசுக்கு இறங்கிவிடுவதுண்டு. அக்குளிரில் கறிவேப்பிலை இலையுதிர்த்து ஓய்வு கொள்வது இயல்பே. அதனை நோய் என்று கருதியது முதற் பிழை. சமையலறைக்குக் கொண்டுசென்றது அதனினும் பெரிது. அவ்வறை நம் கண்ணுக்கு வெளிச்சமாகத்தான் இருந்தது. ஆனால் கண் இவ்விஷயத்தில் நம்பத்தக்க சாட்சியன்று. திறந்தவெளியில் நடுப்பகல் வெயில் ஏறக்குறைய ஒரு லட்சம் லக்ஸ் என்றால், விளக்கெரியும் அறையினுள் சில நூறு லக்ஸ் இருந்தாலே மிகுதி. அவ்வளவு மங்கிய ஒளியில் பிளாக்மன் கண்டபடியே அடுப்பின் வெதுவெதுப்பால் சர்க்கரை ஆக்கம் பெருகவில்லை. செடியின் சுவாசமோ வெப்பத்தால் விரைவுபட்டது; செடியும் நம்மைப் போல் இரவும் பகலும் சுவாசித்துச் சர்க்கரையைச் செலவிடுவதன்றோ? வரவு உயராமல் செலவை மட்டும் உயர்த்திவிட்டேன். இலையில்லாச் செடி நீரை அதிகம் இறைக்காது. ஆதலின் நான் வார்த்த நீரெல்லாம் தொட்டியிலேயே தேங்கி, வேருக்குக் காற்றில்லாமற் செய்துவிட்டது.

கோடையில் குறைபாடு வேறு. மே மாதத்து டில்லியில் ஒளிக்குப் பஞ்சமில்லை. வெப்பமோ வேண்டியதற்கு மேல். அப்போதும் பகல் உச்சியில் இலை ஏறத்தாழச் சோம்பியிருக்கும். காரணம், இலையின் அடிப்புறத்திலுள்ள நுண்ணிய துளைகள். கரியமில வாயு உள்ளே புகுவதும், நீராவி வெளியேறுவதும் ஒரே வாயில் வழியாகத்தான். அனற்காற்று வீசுகையில், உலர்ந்து போவதற்கு அஞ்சினாற்போல் இலை அவ்வாயிலை ஒடுக்கிக்கொள்ளும். காற்றில் கரியமில வாயு பத்தாயிரத்தில் நான்கு பங்கிற்குச் சற்று மேல்தான் உள்ளது. வாயிலும் ஒடுங்கினால் என்ன கிட்டும்? அதற்கும் மேலாக, அவ்வாயுவைப் பற்றும் ரூபிஸ்கோ என்னும் நொதி சற்றுத் தடுமாறும் இயல்புடையது. வெப்பம் மிகும்போது அது கரியமில வாயுவை விட்டுப் பிராணவாயுவைப் பற்றிக்கொள்வது அதிகமாகிறது. அதனால் ஆக்கிய பொருளில் ஒரு பகுதி வீணாகிறது.

கரும்பும் கம்பும் சோளமும் இதற்கு ஒரு வழி கண்டுள்ளன. அவை கரியமில வாயுவை முதலில் வேறொரு நொதியாற் பிடித்து, ஒரு புளிப்புப் பொருளாக மாற்றி, உள்ளிருக்கும் தனி அணுக்களிற் கொண்டு செறித்து, அதன்பிறகே ரூபிஸ்கோவிடம் ஒப்படைக்கின்றன. ராஜஸ்தானத்து வெயிலிற் கம்பு செழிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இவ்வழியை ஹாட்ச், ஸ்லாக் என்னும் இருவர் ஆஸ்திரேலியாவில் 1966-ல் விளக்கினர். அதற்கு நாற்பது ஆண்டுகட்கு முன்பே கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ், ஹைட்ரில்லா என்னும் நீர்ச்செடி விடும் பிராணவாயுக் குமிழ்கள் தாமே பதிவாகுமாறு ஒரு கருவி அமைத்து, அச்செடி கோடையில் ஒருவகையாகவும் குளிர்காலத்தில் வேறுவகையாகவும் தொழிற்படுவதைக் கண்டார். 1924-ல் வெளிவந்த அவரது நூலில் அது பதிவாகியுள்ளது. காரணம் அன்று எவர்க்கும் விளங்கவில்லை. கோடை ஹைட்ரில்லாவும் கரும்பைப் போன்றே புளிப்புப் பொருள் வழியை மேற்கொள்கிறது என்பது பின்னரே தெரிந்தது.

இப்போது என்னிடமுள்ள கறிவேப்பிலை இரண்டாவது. தாயார் மறைந்த பின்னர்த் தங்கை கொண்டுவந்தது. ஊரில் அதே தாய்மரத்தின் அடியில் முளைத்த கன்று. மார்கழி வந்ததும் அதனைத் தெற்கு நோக்கிய சுவரோரம், பகல் முழுதும் வெயில் படும் இடத்தில் வைக்கிறேன். இரவில் மட்டும் பழைய சாக்கு ஒன்றாற் போர்த்துகிறேன். மண்ணில் விரலிட்டு, இரண்டங்குல ஆழம் உலர்ந்திருந்தால் மட்டுமே நீர் விடுகிறேன். எரு மாசி முடியும்வரை இல்லை. மே மாதத்திலோ இதற்கு மாறாக, உச்சிப் பொழுதுக்கு ஒரு பாய் நிழலும், காலையிலும் மாலையிலும் நீரும் கொடுக்கிறேன்.

சென்ற தையில் அதில் எஞ்சியிருந்தவை ஏழு இலைக்கொத்துகளே. வீட்டில் அவற்றைத் தொடக்கூடாதென்று சொல்லியிருந்தேன். ரசத்திற்குக் கடையில் வாங்கினோம். பங்குனி இரண்டாம் வாரத்தில் நுனிகளிற் செந்நிறத் தளிர் விட்டது. இப்போது வாரம் ஒருமுறை பறிக்கிறோம்.