நிழல்ல ஒரு மனோரஞ்சிதம்

"சுத்தி அடுக்குமாடி, பாதி நாள் நிழல்தான். மணி பிளான்ட் தவிர வேற என்ன வைக்கலாம்?"னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. என் பதில் மனோரஞ்சிதம்.

பேரைக் கேட்டிருப்பீங்க. பூவைப் பார்த்தவங்க கம்மி. ஏன்னா அது இலை நிறத்துலயே பூக்கும், இலைக்குள்ளயே ஒளிஞ்சிருக்கும். முதிர்ந்து மஞ்சளாகும்போதுதான் வாசனை கிளம்பும். எந்தப் பழத்தை நினைச்சு மோந்தாலும் அந்த வாசம் வரும்னு எங்க பாட்டி சொல்வாங்க. சீத்தாப்பழக் குடும்பத்துச் செடி இது, வாசமும் பழுத்த பழம் மாதிரிதான். மிச்சத்தை மனசு பார்த்துக்கும்!

வருஷம் முழுக்கப் பச்சையா இருக்கும். ஆனா இருட்டு மூலையில வச்சா வெறும் இலைதான். காலை வெயில் ரெண்டு மணி நேரமாவது படணும். பெரிய தொட்டி, தண்ணி தேங்காத மண், பக்கத்துல ஒரு கிரில். பூக்காம்பு கொக்கி மாதிரி வளைஞ்சு பிடிச்சுக்கும், அப்படித்தான் செடி மேல ஏறுது. அதனால கண்டபடி மொட்டையடிக்காதீங்க. விதை போட்டா முளைக்கவே மாசக்கணக்காகும், அப்புறம் பூவுக்கு வருஷக்கணக்குல காத்திருக்கணும். பதியன் செடியா கேட்டு வாங்குங்க.

இப்போ என் கதை. எங்க அபார்ட்மென்ட்ல போன மாசம் மீட்டிங். "அந்த வாசனைக்குப் பாம்பு வரும், வெட்டிடுங்க"ன்னாங்க. பூவை மோந்துட்டுப் பாம்பு வராது. ஆனா அடியில புதரா, குப்பையா இருந்தா எலி வரும், தவளை வரும், அதுங்களைத் தேடிப் பாம்பு வரலாம். அதுல அவங்க பயம் நியாயம்தான், எனக்குக் கோபம் வந்தாலும். அன்னிக்கே அடிக்கிளைகளைக் கழிச்சேன், சருகெல்லாம் கூட்டினேன். இப்போ தரை தெளிவா தெரியுது.

கூடவே ஒரு வேலை பண்ணேன். ரெண்டு கிளையை வளைச்சு, நடுவுல வளையமா பட்டையைச் சீவி, பக்கத்துத் தொட்டி மண்ணுல புதைச்சு, மேல கல்லு வச்சிருக்கேன். வேர் பிடிக்க ரெண்டு மூணு மாசமாவது ஆகும். அதுவரைக்கும் தாய்ச்செடியை விட்டு வைக்கணும். ஞாயித்துக்கிழமை திரும்ப மீட்டிங். மஞ்சளான பூ ரெண்டு பறிச்சு எடுத்துட்டுப் போறேன்.