வாங்கப் பணம் உண்டு, காக்கப் பணம் உண்டா?



சிங்கப்பூரில் 1875ல் 'சிங்கை வர்த்தமானி' என்ற தமிழ் இதழ் வெளிவந்தது. 1887ல் 'சிங்கை நேசன்' வெளிவந்தது. இரண்டையும் நடத்தியவர் சி.கு. மகுதூம் சாயபு. 'சிங்கை நேசன்' நுண்படச்சுருளில் பதிவாகி, இன்றும் ஆய்வாளர்களுக்குப் பயன்படுகிறது. 'சிங்கை வர்த்தமானி'யின் பெயர் மட்டுமே மிஞ்சியிருக்கிறது. ஒரே ஊர், ஒரே ஆசிரியர், இடையில் பன்னிரண்டே ஆண்டுகள். ஒன்றைக் காக்க இடமும் பணமும் கிடைத்தன, மற்றதற்குக் கிடைக்கவில்லை.

தமிழர்கள் புத்தகத்துக்குப் பணம் தர மாட்டார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. 1950களில் 'தமிழ் முரசு' நிறுவனர் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்ற பெயரில் நிதி திரட்டினார். அப்போது சிங்கப்பூரில் இயங்கிய மலாயாப் பல்கலைக்கழகத்துக்குத் தமிழ் நூல்கள் சேர்க்க அந்த நிதி உதவியது. சாதாரண உழைப்பாளிகளும் தங்களால் இயன்றதைக் கொடுத்தார்கள். ஆனால் வாங்கிய நூல் நொறுங்காமல் இருக்கவும் பணம் வேண்டும். அந்தச் செலவு கண்ணுக்குத் தெரியாது. அதனால் அதைக் கேட்பதும் கடினம், கொடுப்பதும் கடினம்.

நூலகத்தின் பாதுகாப்புப் பிரிவுக்கு இரண்டு பைகள் தேவை. ஒன்று ஆண்டு வரவுசெலவு. குளிர்சாதனம், பூச்சித் தடுப்பு, அமிலமற்ற பெட்டிகள், ஊழியர் சம்பளம் எல்லாம் இதில் அடங்கும். வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த சிங்கப்பூரில் இந்தப் பையைச் சுருக்கினால் பூஞ்சை வந்துவிடும். இரண்டாவது, சிறப்புத் திட்ட நிதி. ஒரு குறிப்பிட்ட தொகுப்பை, குறிப்பிட்ட காலத்துக்குள் காப்பாற்றி முடிக்க இது உதவும்.

இரண்டாவது பைக்குப் பெரும்பாலும் வெளியிலிருந்துதான் பணம் வரவேண்டும். 2003ல் லீ அறநிறுவனம் தேசிய நூலக வாரியத்துக்கு 60 மில்லியன் வெள்ளி வழங்கியது. விக்டோரியா ஸ்திரீட்டில் 2005ல் திறக்கப்பட்ட தேசிய நூலகக் கட்டடத்தில் உள்ள மேற்கோள் நூலகம் லீ கொங் சியான் பெயரைத் தாங்கி நிற்கிறது. கலை, மரபுடைமை அறநிறுவனங்கள் நன்கொடையாகத் திரட்டும் ஒவ்வொரு வெள்ளிக்கும் இணையாக இன்னொரு வெள்ளி தர, அரசாங்கம் 2013ல் 200 மில்லியன் வெள்ளியில் ஒரு நிதியை அமைத்தது. ஆகப் பணம் இல்லாமல் இல்லை. செலவைச் சரியாகக் கணக்கிட்டுக் கேட்பவர்களுக்கே அது கிடைக்கும்.

கணக்கிடுவது எப்படி? தமிழ் மின்மரபுடைமைத் திட்டம் நல்ல பாடம். சிங்கப்பூர் விடுதலை பெற்ற 1965 முதல் ஐம்பது ஆண்டுகளில் வெளிவந்த தமிழ் இலக்கிய நூல்களை மின்னிலக்கமாக்கும் இந்த முயற்சியை, அருண் மகிழ்நன் ஒருங்கிணைப்பில் தொண்டூழியர்களும் தேசிய நூலக வாரியமும் சேர்ந்து நிறைவேற்றினார்கள். சுமார் 350 நூல்கள் கொண்ட தொகுப்பு 2015 ஆகஸ்ட்டில் வெளியீடு கண்டது.

'ஸ்கேன்' செய்வதுதான் பெரிய செலவு என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது நடுவில் வரும் ஒரு படி. அதற்கு முன்னால் நூலைத் தேடிப் பிடிக்க வேண்டும். சில நூறு பிரதிகளே அச்சான நூல், எழுத்தாளர் வீட்டு அலமாரியில் மட்டும் இருக்கலாம். பிறகு அனுமதி. சிங்கப்பூரில் எழுத்தாளர் மறைந்து 70 ஆண்டுகள் வரை பதிப்புரிமை நீடிக்கிறது. எனவே மறைந்தவரின் பிள்ளைகளையோ பேரப்பிள்ளைகளையோ கண்டுபிடித்துக் கையெழுத்து வாங்க வேண்டும். ஸ்கேன் செய்த பின் நூற்பட்டியல் தயாரிக்க வேண்டும். கணினி படித்துத் தரும் தமிழ் எழுத்தில் பிழை இருக்கும். தமிழ் தெரிந்த ஒருவர் வரிக்கு வரி ஒப்பிட வேண்டும்.

தொண்டூழியர் செய்தால் இந்த வேலைக்குச் சம்பளம் கிடையாது. ஆனால் செலவே இல்லை என்று திட்ட அறிக்கையில் எழுதுவது தவறு. எத்தனை மணி நேரம், வெளியே கொடுத்திருந்தால் எவ்வளவு ஆகியிருக்கும் என்று கணக்கிட்டுச் சமூகத்தின் பங்காகக் காட்ட வேண்டும். நிதி கொடுப்பவருக்கு அது நம்பிக்கை தரும். அடுத்த திட்டத்துக்குத் தொண்டூழியர் கிடைக்காவிட்டால் எவ்வளவு தேவைப்படும் என்பதும் தெரிந்திருக்கும்.

இன்னொரு செலவை எல்லாரும் மறக்கிறார்கள். திட்டம் முடிந்த மறுநாள் தொடங்கும் செலவு அது. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் வாழ்நாள் முழுவதும் சேர்த்த நூல்களை, அவர் மறைந்த பின் 1994ல் சிக்காகோ பல்கலைக்கழகம் வாங்கியது. விலை ஒருமுறைதான் கொடுக்கப்பட்டது. ஆனால் சென்னையில் அமைந்த ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பராமரிப்பு ஆண்டுதோறும் தொடர்கிறது. மின்கோப்புக்கும் அப்படித்தான். சேமிப்புக் கருவி பழுதாகும், மென்பொருள் மாறும், கோப்புகளை இடம் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஆகவே சிறப்புத் திட்டம் தீட்டும்போதே, அதன் பிறகான பராமரிப்பு எந்த ஆண்டு வரவுசெலவில் சேரும் என்று எழுதிவைக்க வேண்டும். அது எழுதப்படாத திட்டம், திறப்பு விழாவோடு முடிந்துபோகும்.

தேக்கா வட்டாரத்தில் எத்தனை கடைகள், சங்கங்கள், கோயில்கள்! குடமுழுக்கு மலர்கள், சங்க ஆண்டறிக்கைகள், நாடகத் துண்டறிக்கைகள் எந்தப் பெட்டியில் கிடக்கின்றன என்று பாருங்கள். வீடு மாறும்போதும் பெரியவர் மறையும்போதும் முதலில் கீழே போவது அந்தப் பெட்டிதான். தூக்கிப் போடுமுன் நூலகத்தைக் கேளுங்கள். வீட்டில் எழுத்தாளர் இருந்தால், அனுமதிக் கடிதத்தை அவர் கையாலேயே இப்போதே எழுதி வாங்குங்கள். பின்னால் நூலகம் அலைந்து செய்யவேண்டிய செலவு அதனால் மிச்சமாகும்.

புத்தகம் வாங்க அன்று உழைப்பாளிகள் கொடுத்தார்கள். காக்கும் செலவில் இன்று ஒவ்வொரு குடும்பமும் தன் பங்கை ஏற்கலாம். பணமாகத்தான் என்பதில்லை, நூலாக, அனுமதியாக, சில மணி நேரமாகவும் கொடுக்கலாம்.